போத்தல் தூக்காத குடும்பம்

சிவமயம்

நாலாம் வாய்க்கால்,
மருதங்கண்டல் குடியேற்றம்,
ஒட்டுசுட்டான்.
11.02.1962

என் அன்பு மருமகள் கமலாசனிக்கு,

மாமா எழுதிக்கொள்வது. நான், மாமி, மாடுகள், வயல் எல்லோரும் சுகம். கொழும்பில் நீயும் அப்படியே இருக்க வேண்டுமென்று தான்தோன்றீஸ்வரரிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அவருக்கும் எனக்கும் இப்போது நல்ல பழக்கம்.

உன் கடிதத்தைத் தபால்காரன் கொண்டுவந்தபோது, "டாக்குத்தர் பிள்ளையின்ரை கடிதம்!" என்று படலையில் நின்றே கத்தினான். நான் திருத்தவில்லை. நேர்ஸ் படிப்பு முடிந்தால் அடுத்தது அதுதானே.

இந்தப் போகம் நெல் எப்படி விளைந்தது தெரியுமா? கதிரின் பாரத்தில் வரம்பே ஒரு பக்கம் சரிந்துவிட்டது. போன கிழமை ஒரு கொம்பன் யானை வயலுக்குள் இறங்கியது. நான் அரிக்கன் லாம்பைத் தூக்கிப் பிடித்து, "இது மயில்வாகனத்தின்ரை காணி" என்றேன். அது நின்று யோசித்தது. பிறகு பக்கத்துக் காணித் தவராசாவின் வாழைக்குள் போய்விட்டது. மிருகத்துக்கும் ஆள் தெரியும்.

புது டிஸ்பென்சரி திறந்துவிட்டார்களா, மாமி போய்க் காட்டினாரா என்று கேட்டிருந்தாய். திறந்துவிட்டார்கள். திறப்பு விழாவில் வந்த பெரியவருக்கு மாலை போட்டது நான்தான். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களைப் போல ஆட்கள் இருந்தால் குடியேற்றம் முன்னேறும்" என்றார். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கவில்லை; எனக்குக் கேட்டது.

ஆனால் பிள்ளை, ஒரு புதினம் சொல்கிறேன். மருந்துக்கு முல்லைத்தீவு பஸ்ஸைப் பார்த்து நின்ற காலத்தில் இங்கே ஒருவருக்கும் ஒரு நோய் வருத்தமும் இருக்கவில்லை. சும்மா கொடுக்கிறார்கள் என்றதும் குடியேற்றம் முழுவதற்கும் வயிற்றுவலி. தண்ணி மருந்து வாங்கப் போத்தல் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். காலையில் வாய்க்கால் றோட்டைப் பார்த்தால் திருவிழாத்தான்: சாராயப் போத்தல், மண்ணெண்ணெய்ப் போத்தல், எறும்பு மொய்த்த தேன் போத்தல். ஒருவன் வாங்கிய மருந்தைக் கோழிக்குப் பருக்கினான். கோழி முன்னையைவிட நன்றாகக் கூவுகிறதாம்.

நாங்கள் அப்படிப் போத்தல் தூக்குகிற குடும்பமா? இல்லாதவனுக்கென்று கொடுப்பதை இருக்கிறவன் போய் வாங்கினால் ஊர் என்ன சொல்லும்?

மாமிக்கு ஒரு குறையும் இல்லை. சொன்னால் நம்பமாட்டாய், வன்னித் தண்ணீரில் ஆள் நல்ல நிறம் வைத்துவிட்டாள். வெள்ளைக்காரத் துரைசாணி போல இருக்கிறாள். காலும் நன்றாகச் சதைப்பிடித்து, பழைய செருப்பு இப்போது கொள்ளுதில்லை. வாய்க்காலில் இருந்து குடத்தோடு வரும்போது மட்டும் இரண்டு இடத்தில் நின்று மூச்செடுக்கிறாள். சொகுசு கூடிவிட்டது.

உன் அன்பு மாமா,
வ. மயில்வாகனம்,
உபதலைவர், நாலாம் வாய்க்கால் விவசாயிகள் சங்கம்.


தாதியர் விடுதி,
கொழும்பு.
17.02.1962

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அறைத் தோழிகளுக்கு வாசித்துக் காட்டினேன். யானை யோசித்த இடத்தில் எல்லோரும் விழுந்து சிரித்தார்கள். மாமி நிறம் வைத்த இடத்தில் என்னால் மேலே வாசிக்க முடியவில்லை.

மாமா, அது நிறம் இல்லை. எங்கள் ஆஸ்பத்திரி வாட்டிலும் அந்த நிறத்தோடு ஆட்கள் வருகிறார்கள். இரத்தம் குறைந்தால்தான் அப்படி வெளிறும். கால் சதைப்பிடிக்கவில்லை, வீங்கியிருக்கிறது.

மூன்று காரியம் செய்யுங்கள். மாமியின் கீழ் இமையை மெல்ல இழுத்து உள்ளே என்ன நிறமென்று பாருங்கள். முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அமத்திக் குழி நிற்கிறதா பாருங்கள். பச்சை அரிசியோ அடுப்பு மண்ணோ தின்கிறாரா என்று கேளுங்கள். கோபிக்காமல் கேளுங்கள். வயலில் வெறுங்காலோடு நிற்கிறவர்களுக்குக் கொக்கிப்பூச்சி காலால் ஏறி, குடலில் இருந்து இரத்தத்தை உறிஞ்சும். மருந்து இருக்கிறது. பூச்சி மருந்தும் இரும்புச்சத்துக் குளிசையும் உங்கள் டிஸ்பென்சரியிலேயே கிடைக்கும். காரில் வருகிறவருக்கும் காலால் நடந்து வருகிறவருக்கும் நான் இங்கே எடுத்துக் கொடுப்பது ஒரே தகர டப்பாக் குளிசைதான்.

அம்மா போன பிறகு என்னைத் தன் மடியில் வைத்து வளர்த்தவர் மாமி. தள்ளிப்போடாதீர்கள். இன்னொன்று, நான் டாக்டர் இல்லை. படிக்கிற நேர்ஸ். தபால்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்,
கமலாசனி


சிவமயம்

நாலாம் வாய்க்கால்,
மருதங்கண்டல்.
18.03.1962

என் அன்பு மருமகளுக்கு,

மாமா பதில் போடப் பிந்திவிட்டேன். வயலில் நெல்லுச் சூடடிப்பும் சங்க வேலையும். நான் இல்லாவிட்டால் இங்கே ஒரு கூட்டமும் தொடங்காது.

நீ சொன்ன சோதனை மூன்றும் செய்தேன். உன் வாட்டில் இருக்கிற பெரிய டாக்குத்தர்கூட அவ்வளவு கவனமாகச் செய்யமாட்டார். இமைக்குள் தேங்காய்ச் சொட்டுப் போல வெள்ளை. காலை அமத்தினேன், விழுந்த குழி நான் ஒரு சுருட்டைப் பற்றவைத்து முடிக்கும்வரை அப்படியே நின்றது. அரிசி தின்கிறாளாம். கேட்டால், "பொழுது போகத்தான்" என்கிறாள்.

பயப்படாதே, மருந்து எடுத்தாயிற்று. எப்படி என்று கேள். உன் மாமாவின் மூளையை நீ அறிய வேண்டும்.

தவராசாவின் மனைவி நேசமலரை உனக்குத் தெரியாது. கொக்கிளாய்க் கடற்கரைச் சனம், வேதக்காரர். நல்ல திடகாத்திரமான பெட்டை. நெல் மூட்டையை ஆம்பிளை போலத் தூக்குவாள். மாமியோடு நல்ல வாரப்பாடு. எங்கள் வேலியில் ஆள் நுழைகிற இடைவெளி இருக்கிறதே, அந்தப் பொட்டுக்குள்ளால் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் வந்து போவாள். அவள் தன் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போகிறவள்தான். அவளுக்கு அது வெட்கமில்லை. ஆகவே நான் ஏற்பாடு செய்தேன்: போத்தலைப் பொட்டுக்குள்ளால் கொடுப்பது. அவள் போய், மாமியின் களைப்பு, மூச்சு, கால்வீக்கம் எல்லாவற்றையும் தனக்கு என்று சொல்வது. மருந்து திரும்பவும் பொட்டுக்குள்ளால் வரும். எங்கள் வீட்டுப் பெயர் ஓரிடத்திலும் அடிபடாது. எப்படி?

முதல் முறை அவள் தயங்கினாள். "மாமிக்காகத்தான் ஐயா," என்று சொல்லிப் போத்தலைச் சீலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டு போனாள்.

மூன்று போத்தல் குடித்தாயிற்று. ஒரு மாற்றமும் இல்லை. நிறம் மட்டும் மங்கலான பச்சை, வாசம் கறுவாப்பட்டை போல. நான் முதலே நினைத்தேன், சும்மா கொடுப்பது தண்ணீர்தான் என்று. இப்போது உன் வாயால் நீயே ஒத்துக்கொள்ள வேண்டும்.

உன் அன்பு மாமா,
வ. மயில்வாகனம்,
உபதலைவர்.


தாதியர் விடுதி,
கொழும்பு.
24.03.1962

அன்புள்ள மாமா,

டிஸ்பென்சரி அப்போதிக்கரி யாருடைய இமையை இழுத்துப் பார்த்தார்?

உங்கள் கடிதத்தை நான் யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை. நெல் மூட்டை தூக்குகிற ஒரு பெண் வந்து, களைப்பு என்கிறாள், கால் வீக்கம் என்கிறாள். அவர் பார்க்கிறார். கண் சிவப்பாக இருக்கிறது, காலில் ஒன்றுமில்லை. வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல் பசி எடுக்க ஒரு கறுவாத் தண்ணீர் கலந்து கொடுத்திருக்கிறார். நானாக இருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பேன். அது நேசமலர் அக்காவின் உடம்புக்குச் சரியான மருந்து, மாமா. மாமியின் உடம்பை இன்னும் ஒருவரும் பார்க்கவில்லை.

சும்மா கிடைப்பதால் தேவையில்லாமல் வருகிறவர்களைப் பற்றி நீங்கள் எழுதினீர்கள். உண்மைதான், இங்கேயும் வருகிறார்கள். அவர்களால் எங்களுக்குக் கால் உளைவுதான், வேறொன்றுமில்லை. சும்மா கிடைப்பதால் வர வெட்கப்படுகிறவர்களைத்தான் நாங்கள் கடைசியில் தூக்கிக் கட்டிலில் போடுகிறோம். நல்ல சால்வை போட்டுக்கொண்டுதான் வருவார்கள்.

சித்திரைக்கும் எனக்கு லீவு இல்லை. இருந்தால் நானே வந்து கூட்டிப் போவேன். வண்டிலைப் பூட்டுங்கள், மாமா. மாமியே போக வேண்டும். மாமியின் பெயரையே சொல்ல வேண்டும். நேசமலர் அக்காவை இனி அனுப்ப வேண்டாம்.

கமலாசனி


சிவமயம்

மருதங்கண்டல்.
08.04.1962

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் கொஞ்சம் சூடாகத்தான் இருந்தது. படித்த பிள்ளைகள் அப்படித்தான் எழுதுவார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே நேசமலர் நாலாவது போத்தலுக்குப் போய்விட்டாள். அன்றைக்கு நான் டிஸ்பென்சரிக்கு எதிரே சங்கக்கடை வாசலில் நின்றேன். நாலைந்து பேர் என்னைச் சுற்றி நின்று, வாய்க்கால் தண்ணீரை எப்படிப் பங்கிடுவது என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்போதிக்கரியின் சத்தம் றோட்டுக்குக் கேட்டது.

"நாலு தரம் வந்திட்டாய்! உனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சும்மா குடுக்கினம் எண்டால் போத்தலைத் தூக்கிக்கொண்டு வாறதோ? வருத்தக்காரருக்கு மருந்து வேண்டாமோ? போ வெளியாலை!"

நேசமலர் இடுப்பில் பிள்ளையோடும் வெறும் போத்தலோடும் வெளியே வந்தாள். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைவாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள். ஒருவன், "போத்தலைத் தா, நான் கள்ளுத் தவறணையிலை நிரப்பித் தாறன்," என்றான். சபையில் எல்லோரும் சிரிக்கும்போது ஒருவன் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்திருந்தால் சந்தேகம் வரும் அல்லவா? நானும் சிரித்தேன். கொஞ்சம்தான்.

அவள் என்னைக் கண்டாள். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லில் என்னை அந்த வாசலிலேயே விழுத்தியிருக்கலாம்.

பின்னேரம் போத்தல் கழுவிக் கவிழ்த்தபடி பொட்டடியில் இருந்தது. அடுத்த நாள் பொட்டுக்குள் ஈச்ச முள் வைத்து அடைத்திருந்தது. அவர்கள் பக்கத்திலிருந்து.

மாமிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. "நீங்கள் அங்கை நிண்டனீங்களோ?" என்று கேட்டாள். நான் வாய்க்கால் பங்கீட்டைப் பற்றிச் சொன்னேன். அதற்குப் பிறகு என்னோடு கதையில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிடுகிறாள்.

கூட்டிப் போகத்தான் இருக்கிறேன். இந்த நேரத்தில் போனால், அந்தப் பெட்டை எங்களுக்காகத்தான் வந்தவள் என்று கணக்குப் போட்டுவிடுவார்கள். கதை கொஞ்சம் ஆறட்டும். வைகாசி பிறந்ததும் யாழ்ப்பாணத்தில் ஒரு பெரிய டாக்குத்தரிடமே காட்டலாம். அவர் எனக்கு நல்ல பழக்கம்.

மாமா,
வ. மயில்வாகனம்


தாதியர் விடுதி,
கொழும்பு.
13.04.1962

மாமா,

நாளைக்கு வருடப்பிறப்பு. நல்ல வார்த்தை எழுத வேண்டுமென்று இருந்தேன்.

நீங்கள் சிரித்தீர்களா? மற்றதெல்லாம் எனக்கு விளங்குகிறது. இது விளங்கவில்லை.

மாமியைக் கூட்டிப் போகாமல் எனக்குக் கடிதம் போட வேண்டாம். போட்டாலும் பிரிக்கமாட்டேன்.

கமலாசனி


மருதங்கண்டல்.
29.04.1962

அன்பு மருமகளுக்கு,

நீ பிரிக்க வேண்டுமென்றுதான் உறையின் வெளியிலேயே "கூட்டிப் போனேன்" என்று எழுதினேன். தபால்கந்தோரில் வாசித்துவிட்டு, "ஆரை?" என்று கேட்டார்கள். கேட்கட்டும்.

வருடப்பிறப்புக்கு மூன்றாம் நாள் மாமி வாய்க்கால் படியில் விழுந்தாள். குடம் உருண்டு தண்ணீரில் போயிற்று. தூக்கினேன். பாரமே இல்லை. நான் சதையென்று உனக்கு எழுதியதெல்லாம் தண்ணீர்.

வண்டிலில் படுக்க வைத்துக் கொண்டுபோனேன். அன்றைக்கு நல்ல சனம். வழிவிட்டார்கள். என்னைக் கண்டு, "ஐயாவோ? ஐயா இஞ்சை வந்திருக்கிறாரோ?" என்று ஒருத்தி கேட்டது காதில் விழுந்தது. அப்போதிக்கரி மாமியின் இமையை இழுத்துப் பார்த்தார். காலை அமத்தினார். பிறகு எழுந்து நின்றுவிட்டார்.

"இவ்வளவு நாளும் எங்கை அம்மா இருந்தனீங்கள்?"

என் வாய் உனக்குத் தெரியும்தானே. அந்த நேரத்திலும் அது தொடங்கிவிட்டது. "யாழ்ப்பாணத்திலை பெரிய டாக்குத்தர் ஒருத்தற்றை வைத்தியம்..." என்றேன். மாமி என் சால்வையைப் பிடித்து இழுத்தாள். அவளுக்கு மூச்சு வரவில்லை. நின்று நின்று சொன்னாள்:

"நேசமலரின்ரை பேரிலை இருந்தனான், ஐயா."

அப்போதிக்கரி மருந்துப் போத்தல்கள் இருந்த மேசையையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் போட்டிருந்த சால்வையை எடுத்துக் கக்கத்துக்குள் வைத்தேன். அதை வைப்பதற்கு வேறு இடம் தெரியவில்லை.

அவரே வாகனம் பிடித்து வவுனியாப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். இரத்தம் ஏற்றினார்கள். பூச்சி மருந்து கொடுத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரிய கடைக்காரரின் தாய். நீ சொன்ன அதே தகர டப்பாக் குளிசைதான் இரண்டு பேருக்கும். மாமியின் நகத்தில் ஒரு சிவப்பு வந்திருக்கிறது. பிழைத்துவிடுவாள் என்கிறார்கள். நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை, பிள்ளை. அவர்கள் சொன்னது அவ்வளவுதான்.

மாமா


தாதியர் விடுதி,
கொழும்பு.
05.05.1962

அன்புள்ள மாமா,

உறையைக் கண்டவுடன் பிரித்துவிட்டேன். பிரித்துவிட்டு அழுதேன். மாமி குளிசையை விடாமல் எடுக்க வேண்டும். வயலுக்கு இனிச் செருப்பு.

நேசமலர் அக்காவைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே?

கமலாசனி


மருதங்கண்டல்.
10.06.1962

அன்பு மருமகளுக்கு,

நீ கேட்டதற்குப் பதில் எழுத எனக்கு ஒரு மாதம் சென்றது.

மாமியை வவுனியாவில் விட்டுவிட்டு வந்த கையோடு நேசமலரின் படலைக்குப் போனேன். பொட்டு அடைத்திருந்ததால் றோட்டால் சுற்றித்தான் போக வேண்டும். கைக்குழந்தைக்கு இருமல் என்று கேள்விப்பட்டேன். "பிள்ளையைக் கொண்டு போய்க் காட்டு, மேனை. இனி ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்," என்று வெளியில் நின்றே சொன்னேன். அவள் வெளியே வரவில்லை. உள்ளேயிருந்து சொன்னாள்:

"எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஐயா."

அவள் சொல்லி முடிக்கவில்லை, உள்ளே பிள்ளை இருமியது.

இந்த டிஸ்பென்சரி திறந்தபோது முதல் போத்தலோடு போனவள் அவள்தான், கமலாசனி. வெட்கமில்லாதவள் என்று நான்தான் உனக்கு எழுதினேன். இப்போது பிள்ளையை எடுத்துக்கொண்டு முல்லைத்தீவுக்குப் பஸ் ஏறுகிறாள். வீட்டுக்கு முன்னால் சும்மா கிடைப்பதற்குப் பதினைந்து கட்டை தூரம் போகிறாள். பஸ் வராத நாளில் கொத்தமல்லித் தண்ணீர்.

அப்போதிக்கரியிடம் போய்ச் சொன்னேன். வரிசையில் நின்று, என் முறை வந்தபோது, எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னேன். "அந்தப் பெட்டையை அனுப்பினது நான்." அவர், "ஏசினது நான்," என்றார். இரண்டு பேரும் அவ்வளவில் நின்றோம். அதைக் கொண்டு என்ன செய்வதென்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

மாமி வீட்டுக்கு வந்து மூன்று கிழமையாகிறது. நிறம் போய்ப் பழைய கறுப்பு வந்துவிட்டது. வந்த நாள் தொடங்கித் தினமும் றோட்டால் சுற்றி நடந்து, அவர்கள் படலையில் நின்று, "நேசம், நான்தான்," என்று கூப்பிடுவாள். பதில் வராது. சற்று நேரம் நின்றுவிட்டு வருவாள். நானும் பின்னால் போவேன். வாய் திறக்கமாட்டேன். மாமி சொன்ன நிபந்தனை அது.

போன வெள்ளிக்கிழமை படலை திறந்தது. மாமிக்கு மட்டும். நான் றோட்டில் நின்றேன்.

இரண்டு பேரும் பிள்ளையோடு வெளியே வந்தார்கள். மாமிதான் பிள்ளையை வைத்திருந்தாள். நேசமலர் கையில் ஒரு வெறும் போத்தல். என்னைக் கடக்கும்போது மாமி அதை அவளிடம் வாங்கி என்னிடம் நீட்டினாள். மாமியின் மருந்துக்கு எங்கள் போத்தல் ஏற்கனவே என் கையில் இருந்தது. இரண்டு கையிலும் இரண்டு போத்தலோடு அவர்களுக்குப் பின்னால் டிஸ்பென்சரிக்கு வாய்க்கால் றோட்டு முழுவதும் நடந்தேன். மறைக்கச் சால்வை இருக்கவில்லை.

சங்கக்கடை வாசலில் வழக்கமான ஆட்கள் நின்றார்கள். என்னைக் கண்டு ஒருவன் சிரித்தான்.

நேசமலர் திரும்பிப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

மாமா